கத்தரீன் மூடிவைத்த டின்

பத்தொன்பது நாளாகக் கத்தரீன் வீட்டு அடுப்பில் தேநீர் கொதிக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சலித்தவள், இப்போது தேயிலை டின்னைத் திறக்கவே மறுத்தாள்.

மருமகள் ஃபியோனாவின் வயிற்றில் வைத்த கரு இரண்டாவது முறையும் தங்கவில்லை. அன்று ஈப்போ கருத்தரிப்பு மருத்துவமனையில், மாத்திரைகளை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று தாதி கேட்டாள். கத்தரீன்தான் முந்திக்கொண்டு பெருமையாகச் சொன்னாள்: ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து, மீன் எண்ணெய், எல்லாம் தினமும் காலையில் தன் கையால், சுடச்சுடத் தேநீரோடு. தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, இடைவெளி விட்டுக் கொடுங்கள் என்றாள் தாதி. சாதாரணமாகத்தான் சொன்னாள். மலை ஏறி வீடு வந்ததும் கத்தரீன் தேயிலை டின்னை இறுக மூடி ஓரமாக வைத்தாள்.

மறுநாளிலிருந்து மாத்திரைக்கு ஆரஞ்சுச் சாறு. ஃபியோனா அப்படியே விழுங்கினாள். அன்று ஈப்போவில் டாக்டரின் அறையில் அவளும் கணவன் மார்க்கும் மட்டும் கேட்டது ஒன்று இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று மார்க் அழுதான். அவளும் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் காளியம்மா வந்தாள். கத்தரீன் மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

"சுத்தி அம்புட்டும் தேயிலை, நீ மைலோ ஊத்துறியே லா. தோட்டத்துத் துரைக்குத் தெரிஞ்சா லைன் வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாரு."

கத்தரீன் சிரிக்கவில்லை. தேயிலை டின்னை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"நீயே கொண்டு போ, காளி. ரெண்டு புள்ளையையும் என் கையாலயே டீ ஊத்திக் கொன்னுட்டேன். சர்ச்சுல முட்டி போடவே கூசுது."

காளியம்மா டின்னைத் தொடாமல் எழுந்து போனாள்.

வாசலில் மார்க் லாரி கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே பேசியது அவன் காதில் விழாமல் இருக்காது. அவனே வந்து சொல்லட்டும் என்று அடுப்படியில் உட்கார்ந்திருந்த ஃபியோனா காத்திருந்தாள். அவன் குனிந்து அதே டயருக்கு மறுபடியும் தண்ணீர் அடித்தான்.

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் கொதித்ததும் டின்னைத் திறந்து இரண்டு கரண்டி தூள் போட்டாள்.

"என்னம்மா பண்ற?"

டம்ளரை மாமியார் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் ஃபியோனா சொன்னாள்:

"டீயால இல்ல, அத்தே. மார்க்கோட உயிரணு சரியில்ல. அன்னிக்கே டாக்டர் எங்ககிட்ட சொல்லிட்டாரு."