பதினெட்டாம் குழியின் புதுப் புல்

நான் கோல்ஃப் ஆடிப் பிழைத்தவன். பிழைத்தவன் என்றுதான் சொல்கிறேன், ஜெயித்தவன் என்று சொல்லவில்லை. என்னை டிவியில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரே ஒரு தடவை காட்டினார்கள். முன்னால் பெரிய ஆட்டக்காரன் ஒருவன் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தான், பின்னால் நான் புதருக்குள் பந்து தேடிக்கொண்டிருந்தேன்.

குவின்ஸ்லாந்தில் ஒரு சுரங்க ஊரில் ஜெயித்தேன். ஃபிஜியில் இரண்டாவதாக வந்தேன். அந்தத் திமிரில் புதுக் கார் வாங்கினேன். அடுத்த வருடம் எந்த ஊரிலும் சனிக்கிழமை ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. பின்தங்கியவர்களை வெள்ளிக்கிழமை சாயங்காலமே மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். கார் போயிற்று. முதுகு பிடித்துக்கொண்டது. முதுகு சரியானதும், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் புட் அடிக்கையில் கை நடுங்க ஆரம்பித்தது. கையும் சரியானது, எப்படி என்று எனக்கே தெரியாது. இப்படியே நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது.

என் பையைத் தூக்கினது நொலீன், என் மனைவி. கூலிக்குப் பை தூக்க வருகிற ஆட்களை நான் நம்புவதில்லை. ராத்திரி பாரில் உட்கார்ந்து நம் ஆட்டத்தைப் பற்றி எவனிடமாவது உளறுவார்கள். நொலீனும் உளறுவாள், ஆனால் என்னிடமே உளறுவாள். கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். படிப்பு எனக்கு அவ்வளவாக வராது. கிளப் வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை அவள்தான் வாசித்துச் சொல்வாள்.

அந்த வருடக் கடைசி ஆட்டம், நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில். வருட முடிவில் வரிசையில் முதல் அறுபது பேருக்குத்தான் கார்டு. கார்டு இருந்தால் அடுத்த வருடம் எல்லா ஊரிலும் ஆடலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு வாரமும் திங்கட்கிழமை ஒரு பெரிய கும்பலோடு மோதி, மிச்சம் இருக்கிற இரண்டு மூன்று இடத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டும். என் வயதில் அது முடியாது. நொலீனின் அண்ணன் வெர்ன் டயர் கடை வைத்திருந்தான். கார்டு போனால் அங்கே வேலைக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வெர்ன் எனக்கென்று ஒரு நீலச் சட்டைகூடத் தைத்து வைத்துவிட்டான். என்னை விட அவனுக்கு என் ஆட்டத்தில் நம்பிக்கை குறைவு.

கடைசி நாள் காலையில் அறுபதாவது இடத்துக்கு இரண்டு பேர் நின்றோம். நானும் லின்ஸே கிராடக்கும். இருவரும் ஒரே கணக்கில் இருந்ததால் எங்களைச் சேர்த்தே ஆடவிட்டார்கள். எவன் குறைந்த அடிகளில் முடிக்கிறானோ அவனுக்குக் கார்டு.

லின்ஸேயை எனக்குப் பிடிக்காது. அவன் ஷூவில் மண் ஒட்டி நான் பார்த்ததில்லை. அடுத்தவன் புட் அடிக்கும்போது பாக்கெட்டில் சில்லறையைக் குலுக்குவான். ஒரு தடவை மக்கை என்கிற ஊரில், உயரப் புல்லுக்குள் அவன் காலால் பந்தைத் தள்ளினான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை, நினைத்தேன். எனக்கு அது போதும். அன்றிலிருந்து அவனோடு ஆடினால் என் பந்தை விட்டுவிட்டு அவன் காலைத்தான் பார்ப்பேன்.

அந்த வருடம் மழையே இல்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் உள்நாட்டுச் சின்ன ஊர்களில்தான் ஆடிக்கொண்டிருந்தோம். அங்கெல்லாம் தரை வெடித்துக் கிடக்கும். அதனால் நடுப் புல்லில் விழுந்த பந்தைக் கையால் எடுத்து, பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். நாங்கள் இதைத் தூக்கி வைப்பது என்போம். நாள் முழுக்கக் குனிவோம், தூக்குவோம், துடைப்போம், வைப்போம். மூக்கைச் சொறிவது மாதிரி அது கையோடு பழகிவிடும்.

இந்த ஊரிலும் தூக்கி வைக்கலாம் என்று வியாழக்கிழமையே நொலீன் வாசித்துச் சொன்னாள். அதன் பிறகும் ஏதோ வாசித்தாள். நான் அதற்குள் டீ வாங்கப் போய்விட்டேன்.

மத்தியானம் முழுக்க நானும் லின்ஸேயும் மாறி மாறி முன்னால் போனோம். அவனுக்கு ஒன்று நன்றாக விழும், அடுத்த குழியில் எனக்கு விழும். பதினேழாவது குழியில் அவன் சின்ன புட் ஒன்றைத் தவறவிட்டான். நான் அவனை விட ஒரு அடி குறைவாகி முன்னால் போனேன். கடைசிக் குழியான பதினெட்டில் நான் நாலு அடியில் முடித்தால் அவன் மூன்றில் முடித்தால்தான் என்னைத் தொட முடியும்.

பதினெட்டில் முந்தின மூன்று நாளும் என் பந்து வலப்பக்க மரங்களுக்குள்தான் போனது. அன்றைக்கு நேராக நடுவில் போனது. இத்தனை வருடத்தில் எனக்கே ஆச்சரியமான அடி. நடந்து போய்ப் பார்த்தால், முன்னால் எவனோ மட்டையால் புல்லைப் பெயர்த்துவிட்டுப் போன பள்ளத்தில் பந்து உட்கார்ந்திருந்தது. பரவாயில்லை, தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நொலீன் தூரம் அளக்க முன்னால் போயிருந்தாள். நான் குனிந்து கையை நீட்டினேன்.

“மெர்வ், கையை எடு.”

லின்ஸேதான். எனக்குப் பின்னால் நின்றிருந்தான். என் விரல் பந்துக்கு மேலே நின்றது.

“என்னவாம்?” என்றேன்.

“இந்தக் குழில தூக்கி வைக்கக் கூடாதுப்பா. புதுசாப் புல்லு போட்டிருக்காங்க. மத்த குழிக்குத்தான் அந்தச் சலுகை. தொட்டா ஒரு அடி தண்டம்.”

நான் நம்பவில்லை. அவன் ஏன் சொல்வான்? நான் தொட்டிருந்தால் ஆட்டம் சமம். பேசாமல் இருந்தாலே போதும். அதனால் இது ஏதோ தந்திரம்தான், பள்ளத்திலிருந்தே என்னை அடிக்க வைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, யாரோ அவனைத் திட்டின மாதிரி நின்றான்.

நொலீனைக் கூப்பிட்டேன். இங்கே தூக்கி வைக்கலாமா என்று கத்தினேன். அவள் பையைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“வியாழக்கிழமையே வாசிச்சேன் மெர்வ். பதினெட்டு தவிரன்னு வாசிச்சேன். நீ எங்க போன?”

டீ வாங்கப் போனேன் என்று சொல்லவில்லை.

நிமிர்ந்தேன். பள்ளத்துக்குள் பந்து பாதி மறைந்து கிடந்தது. குழியும் கொடியும் இருக்கிற கிரீனுக்கு முன்னால் குளம். வயசுப் பையனாக இருந்தால் குளத்தைத் தாண்டி அடித்துப் பார்ப்பான். நொலீன் பையோடு ஓடி வந்து சின்ன மட்டையை உருவி என் கையில் வைத்தாள். குளத்துக்கு முன்னாலேயே பந்தைத் தட்டிவிட்டேன். அங்கிருந்து தண்ணீருக்கு மேலே மெதுவாகத் தூக்கிப் போட்டேன். கொடியிலிருந்து ஒரு ஆள் படுக்கிற தூரத்தில் நின்றது.

லின்ஸே குளத்தைத் தாண்டி நன்றாகவே அடித்திருந்தான். அவன் புட் விழுந்தால் மூன்று. பந்து உருண்டு குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. நல்ல ஆட்டக்காரன் தவறவிட்டால் வருத்தப்பட வேண்டும் என்று சொல்வார்கள். நான் வருத்தப்படவில்லை. வெளியே நிற்க வேண்டும் என்றுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

பிறகு என் முறை, விழுந்தால் நாலு, கார்டு எனக்கு. கை நடுங்கவில்லை. போட்டேன். நொலீன் கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடிக்கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு லின்ஸே பார்க்கிங்கில் காருக்குள் பையை ஏற்றிக்கொண்டிருந்தான். நன்றி சொல்ல நான் போகவில்லை. கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

“ஏன்யா சொன்னே?” என்றேன்.

அவன் பின்கதவைச் சாத்தினான்.

“உன் கை கீழ போறதப் பாத்தேன். யோசிக்கிறதுக்குள்ள வாய் முந்திக்கிச்சு. யோசிக்க நேரம் இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன், மெர்வ்.”

அத்தனை வருடத்தில் அவன் சொன்னதில் நான் நம்பினது இது ஒன்றுதான். நல்லவன் மாதிரி ஏதாவது பேசியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நொலீன் கேரவனுக்குப் பக்கத்தில் அடுப்பைப் பற்றவைத்து சாஸேஜும் வெங்காயமும் வறுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே லின்ஸேயைச் சாப்பிடக் கூப்பிட்டாள். என்னைக் கேட்கவில்லை. அவன் வந்தான். ரொட்டியில் சாஸேஜை வைத்து, வெங்காயத்தில் பெரும்பங்கை அவனே எடுத்துக்கொண்டான். மக்கையில் நடந்ததைப் பற்றிக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வாயில் ரொட்டி இருந்தது, விட்டுவிட்டேன்.

நொலீன் வெர்னுக்கு போன் பண்ணப் போனாள். திரும்பி வந்து, அந்தச் சட்டையை அவனே போட்டுக்கொள்ளப் போவதாகவும், தொப்பையில் பட்டன் ஏறவில்லை என்றும் சொன்னாள். லின்ஸேக்கு யார் வெர்ன் என்று தெரியாது. ஆனாலும் சிரித்தான்.

புது வருட முதல் ஆட்டம் விக்டோரியாவில். எனக்கு இடம் உண்டு. அவன் திங்கட்கிழமைக் கும்பலோடு மோத வேண்டும். அந்த மைதானம் எப்படி என்று கேட்டான். நான் அங்கே நிறையத் தோற்றிருக்கிறேன், அதனால் எந்த இடத்தில் பந்து காணாமல் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் சேர்ந்து ஒரு சுற்று நடக்கலாமா என்றான்.

“எட்டு மணிக்கு வா. லேட்டானா போயிடுவேன்” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கே வந்து கேரவன் கதவைத் தட்டினான். நான் இன்னும் பல்கூட விளக்கவில்லை.