முழங்கால் உயர மரங்கள்

எண்ணிக்கை நூற்றைத் தாண்டியதும் காவேரி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். எங்கோ தப்பு. மறுபடி மையத்திலிருந்து ஆரம்பித்தாள்.

மேசையில் இருந்தது ஒரு மரத்துண்டு. மணிக்கட்டுப் பருமன்தான். செப்டம்பரில் இமயமலைக்குப் போனபோது, காடு முடிகிற கோட்டுக்கும் மேலே அவளே ரம்பத்தால் அறுத்தது. காயவைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க நவம்பர் ஆகிவிட்டது. முழங்கால் உயரச் செடி. பதினைந்து வயது இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தாள். அந்தச் சரிவில் அதேபோல் முந்நூறு இருந்தன. மலை சூடாகிறது, காடு மேலே ஏறுகிறது, இவை அதன் முதல் கன்றுகள். மைசூரில் உட்கார்ந்து அவள் எழுதும் ஆய்வேட்டின் சாரம் இவ்வளவுதான்.

அந்த மலைப்பகுதியின் வன அலுவலர் அவளிடம் ஒன்று கேட்டிருந்தார். மலையேற வருபவர்களுக்குக் கொட்டகை போட வேண்டும், அந்தச் சரிவில் சமமான இடம் இந்தச் செடிகள் நிற்கும் திட்டு ஒன்றுதான், வெட்டலாமா? ஊர் திரும்பியதும் பதில் எழுதிப் போட்டாள். 'இளங்கன்றுகள்தான். வெட்டினாலும் பதினைந்து வருடத்தில் திரும்ப வந்துவிடும்.' அதை எழுத அவளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த முறை விளிம்புவரை எண்ணினாள். வந்த எண்ணைத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்தாள்.

"ஹர்ஷா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

பக்கத்து மேசை ஸ்ரீஹர்ஷா அவளுக்கு இரண்டு வருடம் மூத்த ஆய்வாளர். டிபன் டப்பாவை மூடிவிட்டு வந்தார்.

"என்ன மகாராணி, கன்னுக்குட்டிக்கு வயசு பாத்தாச்சா?"

"நீங்களே எண்ணுங்க."

பத்து வளையத்துக்கு ஒரு குண்டூசி. சீட்டியடித்துக்கொண்டே குத்தினார். ஆறாவது ஊசியில் சீட்டி நின்றது. இருபத்தொன்றாவதைக் குத்திவிட்டு, "இன்னும் நாலு" என்றார்.

காவேரி தாளைத் திருப்பினாள். 214.

"ராமா! திப்பு காலத்து மரம் இது. கீழ காட்டுல நெட்டையா நிக்கறதே, அதுக்கு என்ன வயசுன்னே?"

"எண்பது."

"தாத்தாவைப் பேரன்னு சொல்லிண்டு திரிஞ்சிருக்கே நீ."

அவள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். ஊசிமுனையால் காட்டினார்.

"மையம் நடுவுல இல்லை பாரு. ஒரு ஓரமா ஒதுங்கிண்டிருக்கு. இந்தப் பக்கம் வளையமெல்லாம் தலைமயிர் மாதிரி. இங்கேதான் காத்து அடிச்சிருக்கு."

அவளுக்கு அந்தச் சரிவு கண்ணில் வந்தது. எல்லாச் செடியும் ஒரே உயரத்தில், கத்தரித்துவிட்டதுபோல. ஆடு மேய்ந்தது என்று குறித்துக்கொண்டிருந்தாள். ஆடு இல்லை. அது பனியின் மட்டம். பனிக்குள் புதைந்த பாகம் பிழைத்தது. வெளியே நீட்டிய குருத்தைக் காற்று ஒவ்வொரு குளிர்காலமும் பனித்துகளால் அராவித் தீர்த்தது. இருநூறு வருடமாக.

"லெட்டர்" என்றாள்.

"என்ன லெட்டர்?"

காவேரி படியிறங்கி ஓடினாள்.

எதிர்ச்சாரியில் எஸ்.டி.டி. பூத் நடத்தும் லிங்கம்மா, "மெல்ல மேடம், ஃபோன் எங்கயும் ஓடிப் போகாது" என்றாள். நான்காம் முறை லைன் கிடைத்தது. வன அலுவலருக்கு இவள் குரல் கேட்டு ஒரே சந்தோஷம். ஆங்கிலத்தில் உரக்கப் பேசினார்.

"உங்க லெட்டர் வந்த மறுநாளே ஆரம்பிச்சிட்டோம் மேடம். பனிக்கு முன்னாடி முடிஞ்சுது."

"எல்லாமா?"

"பின்னாடி ஒரு வரிசை மட்டும் விட்டோம். ஆனா உங்க கன்னுங்க லேசுப்பட்டதில்ல. எட்டு ஆள், ஒன்பது நாள், நாலு கோடாலிக்கு வாய் போச்சு. இன்னொண்ணு, விட்ட வரிசையும் காத்துப் பக்கம் கருகிட்டு வருது. முன்னாடியெல்லாம் பச்சையாத்தானே இருந்துது? அது ஏன்?"

வெட்டிய முன்வரிசைகள்தான் இதுவரை பின்வரிசைக்குக் காற்றைத் தடுத்து நின்றன என்று காவேரி சொன்னாள். வயதைச் சொன்னாள். தான் எழுதியது தவறு என்றாள்.

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"மேடம், உங்க லெட்டர் ஃபைல்ல இருக்கு. என்ன செய்யட்டும்?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"இருக்கட்டும் சார். இப்ப சொன்னதையும் எழுதி அனுப்பறேன். அது மேலயே வைங்க."