முதல் லோடின் சீல்

“ஹிஸ்டரி படிக்க புள்ளைக்கு கிளியரிங் ஆபீஸ்ல என்ன சோலி, தேவமணி? அசோகர் என்ன கன்டெய்னர்லயா ஏத்துமதி பண்ணினாரு?”

ஒரு மாதத்துக்கு முன்னால் தனராஜ் இப்படிக் கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். தேவமணி சிரிக்கவில்லை. துறைமுகத்துக்குப் போகும் சரக்குகளின் காகிதங்களை அவருடைய அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறவள் அவள். கடைசி வருஷம் படிக்கும் கலைப் பிரிவுப் பிள்ளைகளைக் கல்லூரி வேலைப் பழக்கத்துக்கு அனுப்புகிறது என்று கேள்விப்பட்டதும், “ஒரு புள்ளைய எங்கிட்ட விடுங்க” என்று வாயைக் கொடுத்தவளும் அவளே.

“சரி, ஒரு மாசம் இருக்கட்டும். தேறினா வேலைக்கு வச்சுக்கிடுதேன். தேறலன்னா, இனிமே பி.காம் தவிர ஒரு புள்ளயும் இந்தப் படி ஏறக்கூடாது.”

அப்படித்தான் காயல்பட்டினத்து நுஸ்ரத் வந்து சேர்ந்தாள். சொன்ன வேலையைச் செய்தாள், சொல்லாததைக் கேள்வி கேட்டாள். “இந்தக் காகிதம் எதுக்குக்கா?” என்று அவள் கேட்ட பிறகுதான், அது எதற்கென்று தனக்கும் சரியாகத் தெரியாது என்பது தேவமணிக்குத் தெரிந்தது.

கடைசி நாள் சனிக்கிழமை. அவள் தேறினாளா இல்லையா என்று தனராஜ் இன்னும் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது.

பக்கத்துப் புதுக்கோட்டையில் இருக்கும் முஹ்யித்தீன் ஹாஜியாரின் குடோனிலிருந்து, மருந்துக்கென்று போன நிலாவாரை இலை கன்டெய்னரைத் துறைமுக கேட்டில் நிறுத்திவிட்டார்கள். கதவைப் பூட்டியிருந்த, வெட்டினால்தான் திறக்கிற சீலின் எண் வேறு, காகிதத்தில் எழுதியிருந்த எண் வேறு. வழியில் யாரோ கதவைத் திறந்து, சரக்கில் கைவைத்து, புது சீல் போட்டிருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் தீராவிட்டால் கப்பல் போய்விடும்.

“டிரைவர் எஸ்றா பய வேலைதான்!” தனராஜ் மேசையில் தட்டினார். “எம்மா நுஸ்ரத்து, ஒனக்கு இங்கிலீஷ் நல்லா வருமே. டிரைவர் வழியில சீலை மாத்திட்டான்னு கஸ்டம்ஸுக்கு ஒரு லெட்டர் அடி.”

நுஸ்ரத் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

“யாரு பாத்தா சார்?”

“என்னது?”

“அவரு தொறந்தத யாரு பாத்தாங்க?”

“பாக்கணுமாக்கும்? நம்பர் மாறியிருக்குல்லா!”

“நம்பர் மாறினது தெரியுது சார். தொறந்தது தெரியலயே.”

தேவமணி அவசரமாக அவள் பக்கத்தில் வந்தாள். குனிந்து காதோரம் சொன்னாள்: “ஏளா, கடைசி நாளும் அதுவுமா! சொன்னத அடிச்சுக் குடுத்துட்டுப் போயேன்.”

“அக்கா, அந்த ஆளுக்கு வேலை போயிரும். பாக்காதத எப்படி எழுத? பத்து நிமிசம் தாங்க சார்.”

அவர் பதில் சொல்வதற்குள் நோட்டைத் திறந்து நடுவில் ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கம் ‘கண்டது’, மறுபக்கம் ‘கேட்டது’.

“இது என்ன?”

“காலேஜ்ல பழக்கினதுக்கா. முத்துக்குளிச்சவங்க வீடுகளுக்குப் போயி கத கேட்டு எழுதினோம். நேர்ல பாத்தத ஒரு பக்கம், அடுத்தவங்க சொன்னத ஒரு பக்கம் எழுதணும். ரெண்டையும் கலந்தா எங்க மேடம் நோட்டைத் தூக்கி எறிஞ்சிருவாங்க.”

முதலில் எஸ்றாவை ஃபோனில் கூப்பிட்டாள்.

“எம்மா, சத்தியமா நான் ஒண்ணும்—”

“அண்ணே, தப்பு யாருதுன்னு நான் கேக்கல. குடோன்ல ஒங்க கண்ணால பாத்தத மட்டும் வரிசையா சொல்லுங்க.”

“என்னத்தப் பாத்தேன்? டீ குடிச்சிட்டு நின்னேன். முதலாளி வந்தாவ. துஆ ஓதினாவ. சீலைப் பூட்டினாவ. வண்டிய எடுத்தேன், நேரா இங்கன வந்து நிக்கேன்.”

“பூட்டினது முதலாளியா? மேஸ்திரி இல்லயா?”

“முதலாளிதாம்மா. அவுக கையால.”

நுஸ்ரத் நிமிர்ந்தாள். “அக்கா, இது சீசன் மொத லோடா?”

“ஆமா. அதுக்கென்ன?”

“மொத லோடுன்னா எங்க ஊர்க்காரங்க பிஸ்மில்லா சொல்லி, தன் கையாலதான் அனுப்புவாங்க. எங்க மாமாவும் அப்படித்தான்.”

அடுத்து குடோன் மேஸ்திரி பாஸ்கல்.

“பாஸ்கல் அண்ணாச்சி, முதலாளிக்கு சீல் எப்படிக் குடுத்தீங்க?”

“ரெண்டு வண்டிக்கான சீலையும் தட்டுல வச்சு நீட்டினேன். அவுக ஒண்ண எடுத்தாவ.”

“எந்த நம்பர?”

“அதையெல்லாம் நான் எட்டிப் பாக்க முடியுமா? முதலாளி கை பட்டதத் தப்புன்னு என் வாயால சொல்லச் சொல்லுதியா?”

“வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டாவது வண்டி அங்கனதான நிக்கு? அதுல மாட்டியிருக்க சீலை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, போதும்.”

படம் வந்தது. முதல் வண்டியில் இருக்க வேண்டிய சீல் இரண்டாவது வண்டியில் சிரித்துக்கொண்டிருந்தது. எந்த வண்டிக்கு எந்த சீல் என்ற பட்டியலை முந்தின நாள் சாயங்காலமே எழுதி அனுப்பியாயிற்று. காலையில் ஹாஜியாரின் கை தட்டில் கிடந்த மற்றதை எடுத்துவிட்டது. அவ்வளவுதான் கதை.

தனராஜ் நாற்காலியில் சாய்ந்தார். மறு நிமிஷமே எழுந்து உட்கார்ந்தார். “இத முஹ்யித்தீன் ஹாஜியார்ட்ட யாரு சொல்ல? அவரு கையெழுத்து இல்லாம கஸ்டம்ஸ்காரன் விடமாட்டான். நீங்கதான் மாத்திப் போட்டீங்கன்னு சொன்னா, அடுத்த லோடு வேற ஆபீஸுக்குப் போயிரும். இருபது வருச கஸ்டமரு தாயி!”

“நான் எழுதட்டுமா சார்? தமிழ்ல?”

எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். தேவமணி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

‘பருவத்தின் முதல் லோடுக்கு வழக்கம்போல் தங்கள் கையாலேயே சீல் இட்டீர்கள். எண்களின் பட்டியலோ முந்தின மாலையே எழுதப்பட்டிருந்தது. அது தங்கள் கைக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு சீல்களும் இடம் மாறி, இரண்டு வண்டிகளிலும் பத்திரமாக இருக்கின்றன. ஓட்டுநர் எஸ்றா மீது எந்தக் குறையும் இல்லை. இவற்றை உறுதிசெய்து கையெழுத்திட வேண்டுகிறோம்.’

பொய் என்று ஒரு சொல் இல்லை. யார் மனதும் நோகும்படி ஒரு சொல்லும் இல்லை. பதினெட்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் அனுப்பியிருக்கிறாள் தேவமணி. ‘தங்கள் கைக்குக் காத்திருக்கவில்லை’ என்று ஒரு வரி தன் விரலுக்கு வந்ததில்லையே என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

தனராஜ் இரண்டு தடவை படித்தார். “எல்லாம் சரி. டிரைவர் வரி எதுக்கு? எடுத்துரு.”

“அதுக்குத்தான் சார் லெட்டரே.”

அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கடிதம் அப்படியே போனது.

கால் மணி நேரத்தில் ஹாஜியாரே கூப்பிட்டார். தனராஜ் எழுந்து நின்று பேசினார். அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“தனராஜ், கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். பாவம், அந்த டிரைவருக்கு மொதல்ல சாப்பாடு வாங்கிக் குடுக்கச் சொல்லு. ஆமா, இத நீ எழுதலயே? ஒன் லெட்டரப் படிச்சா எனக்கு பிரஷர்லா ஏறும்! யாரு எழுதினா?”

தனராஜ் தொண்டையைக் கனைத்தார். “நம்ம ஆபீஸ் புள்ளதான் ஹாஜியார். நுஸ்ரத்து. ஹிஸ்டரி படிச்ச புள்ள.”

“படிச்ச புள்ள” என்றபோது அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு, தேவமணிக்கு வந்த சிரிப்பை அடக்க முந்தானை தேவைப்பட்டது.

ஃபோனை வைத்துவிட்டுச் சொன்னார்: “திங்கக்கெழம ஒம்பது மணிக்கு வந்துரு, எம்மா.”

“திங்கக்கெழம பரிச்ச ஆரம்பிக்கு சார். பதினெட்டாந்தேதி முடியும். பத்தொம்பது வாரேன்.”

“அதுவரைக்கும் நாங்க என்ன செய்ய?”

“அக்கா இருக்காங்கல்லா!” என்று சொல்லிவிட்டு, கஸ்டம்ஸுக்கான ஆங்கிலக் கடிதத்தை அடிக்க ஆரம்பித்தாள் நுஸ்ரத். ஐந்து மணிக்கு இன்னும் நேரமிருந்தது.