ஆரோக்கியமேரியின் நெறியாளர்

ஆரோக்கியமேரி எம்.ஃபில். ஆய்வுக்கு ரம்யாவைக் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்த அன்று ஜபீனுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. பி.ஏ.வில் மூன்று வருடம் அந்தப் பெண்ணுக்குப் பாடம் எடுத்தவள் ஜபீன். படித்தது போதும், கம்பெனி வேலைக்குப் போகட்டும் என்று நின்ற அப்பாவிடம் ஆரம்பாக்கம் வரை போய்ப் பேசி எம்.ஏ.வில் சேர்த்துவிட்டதும் அவள்தான். அத்தனையும் செய்த பிறகு, ஆய்வுக்கு நெறியாளர் என்று வரும்போது, வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத ரம்யா!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைத் தாண்டி இருந்தது அந்தக் கல்லூரி. பொருளியல் துறையில் ஐந்து பேருக்கு நெறியாளர் அங்கீகாரம் இருந்தது. யார் எந்த மாணவரை எடுப்பது, எந்தப் பாடத்தைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதையெல்லாம் அந்த ஐந்து பேரும் அடங்கிய முதுகலைக் குழு முடிவு செய்யும். அதன் தலைவர் ஜோசப் சார் 2006 ஜூலையில் ஓய்வு பெறுகிறார். அவருக்கு அடுத்தபடி ஜபீன். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆய்வேடு எழுதியவள். எம்.ஏ. பாடத்திட்டத்தில் பாதி அவள் எழுதியதுதான். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று பல வருடமாக நம்பியிருந்தாள். ஆனால் இந்த முறை தலைவரைக் குழுவே கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கல்லூரி சொல்லிவிட்டது. "ரம்யா மேடம் வந்தா நல்லாருக்கும்" என்று இளைய விரிவுரையாளன் அன்புசெல்வன் ஸ்டாஃப் ரூமில் சொன்னது ஜபீன் காதில் விழுந்தது.

ரம்யா நெல் விவசாயக் குடும்பத்துப் பெண். பொன்னேரிப் பக்கத்து ஆரணியிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு வந்து, ஜபீனோடு ஒரே ரயிலில் ஏறுவாள். கல்லூரியில் 'மேடம்', ரயிலில் 'அக்கா'. ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்: "அப்பா சீக்கா படுத்துட்டாரு அக்கா. வேலைக்குப் போய்க்கினே எம்.ஏ.வை அஞ்சல் வழியிலதான் முடிச்சேன். பிஎச்.டி.தான் ரெகுலரு." அன்று ஜபீன் அதை மெச்சித்தான் பேசினாள். இப்போது அதே பேச்சு நெஞ்சுக்குள் முள்ளாகத் திரும்பத் திரும்பக் குத்தியது.

தேர்தல் கூட்டத்தில் ஜோசப் சார் பெயர்களைக் கேட்பதற்கு முன் ஜபீன் எழுந்தாள்.

"யாரையும் மனசுல வெச்சுச் சொல்லல சார். அஞ்சல் வழியில எம்.ஏ. முடிச்சவங்க நெறியாளரா இருக்கலாமா, கூடாதான்னு விதியைப் பாத்துட்டு மேல போவலாம்."

ரம்யாதான் பேசினாள். "என்னைத்தான் சார் சொல்றாங்க."

விதியை எடுத்துப் பார்த்தார்கள். எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளலாம் போல இருந்தது. பல்கலைக்கழகத்திடம் கேட்டு எழுதுவது, பதில் வரும்வரை ரம்யா நெறியாளராகவோ குழுவிலோ இருக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. ஜபீனுக்கு அடுத்த மூத்தவரான தணிகாசலம் அவள் பெயரைச் சொன்னார். ஜபீன் தலைவரானாள். ஆரோக்கியமேரியும் அவளிடம் வந்து சேர்ந்தாள்.

மறுநாள் முதல் ரம்யா ரயிலில் வேறு பெட்டியில் ஏறினாள்.

வயல் வேலையை விட்டுத் தொழிற்பேட்டைக்கு ஒப்பந்தக் கூலியாகப் போகும் பெண்களைப் பற்றியது ஆரோக்கியமேரியின் ஆய்வு. அவள் கொண்டுவந்த முதல் இயலை ஜபீன் சிவப்புப் பேனாவோடு படிக்க உட்கார்ந்தாள். ஒற்றுப் பிழைகள் கிடைத்தன. மேற்கோள் ஒன்றிரண்டு இடம் மாறியிருந்தன. ஆனால் அந்தப் பெண்களிடம் கேட்டிருந்த கேள்விகள்! கம்பெனி பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், ஷிப்ட்டுக்குப் போன வீட்டில் நாற்று நட யார் இறங்குகிறார்கள்... இப்படிக் கேட்கத் தனக்குத் தோன்றியிருக்காது என்று ஜபீனுக்குத் தெரிந்தது. யாருக்குத் தோன்றியிருக்கும் என்பதும் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து நூலகத்தில் ரம்யாவும் ஆரோக்கியமேரியும் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அந்தப் பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"உன் கைடு யாரு?"

"நீங்கதான் மேடம்."

"அப்ப அங்க இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"ஒரு டவுட்டு மேடம்..."

"எங்கிட்ட கேட்டா நான் சொல்ல மாட்டனா?"

ஆரோக்கியமேரி தரையைப் பார்த்தாள். "சொல்லுவீங்க மேடம். நீங்க தப்பு இருந்தா காட்டுவீங்க. அவங்க நான் சொல்றத முழுசாக் கேப்பாங்க."

மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை. அதனால் திட்டவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து அன்று எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். இறால் வியாபாரம் முடித்து வந்த கணவர் ஜலாலுதீன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"தலைவராயிட்ட. அந்தப் புள்ளயும் உங்கிட்ட வந்துடுச்சு. இன்னும் இன்னா பேஜாரு? அந்த ரம்யா உன்ன இன்னாதான் பண்ணுச்சு?"

"ஒண்ணுமே பண்ணல. அதாங்க தாங்கல."

நவம்பரில் பல்கலைக்கழகத்தின் பதில் வந்தது. முனைவர் பட்டத்தை நேரடியாகப் படித்து வாங்கியிருந்தால், ஆய்வேட்டின் தரத்தைப் பார்த்துத் துறைக் குழுவே முடிவெடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ரம்யாவுக்கு அதில் ஓட்டு இல்லை. ஜோசப் சாரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மிச்சம் மூன்று பேர். தணிகாசலம் வேண்டாம் என்பார், அன்புசெல்வன் வேண்டும் என்பான். ஜபீன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ரம்யாவின் ஆய்வேட்டைக் குறை கண்டுபிடிக்கவே எடுத்தாள். ஊத்துக்கோட்டைச் சந்தையை நம்பி வாழும் சிறு விவசாயிகளைப் பற்றியது. நாஷ்டா ஆறிப் போனது. மத்தியானம் பிள்ளைகள் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. முடித்துக் கீழே வைத்தபோது அழுகை வந்தது. ஜபீன் ஒன்றை எழுத ஆசைப்பட்டு, முடியாமல், கிடைத்ததை வைத்து எழுதி முடித்ததுதான் அவளுடைய ஆய்வேடு. அன்று ஆசைப்பட்டதை ரம்யா எழுதியிருந்தாள். 'தரமில்லை' என்று எந்தக் கையால் எழுதுவது?

கூட்டத்தில் தணிகாசலம் எதிர்பார்த்தபடியே பேசினார். "விதின்னு ஒண்ணு இருக்குதில்ல? நீங்கதானே மேடம் ஆரம்பிச்சு வெச்சீங்க?"

"ஆமா சார். அப்ப நான் படிக்கல. இப்பப் படிச்சுட்டேன். இந்தத் துறையில இதுமாதிரி யாரும் எழுதல. நான் உட்பட."

ரம்யாவுக்கு அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. அவள் ஜபீனின் அறைக்கு வந்து வாசலருகே நின்றாள்.

"தேங்க்ஸ் மேடம்."

"உள்ள வா ரம்யா. உக்காரு."

"வேணாம் மேடம், கிளாஸ் இருக்குது." திரும்பியவள் நின்றாள். "அன்னிக்கு ரயில்ல அக்கான்னு நெனச்சுத்தான் சொன்னேன்." பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

ஆரோக்கியமேரி அன்றைக்கே விண்ணப்பம் கொடுத்தாள், முதலில் கேட்ட ரம்யாவிடமே போக. குழுத் தலைவர் என்ற இடத்தில் ஜபீன் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த ஆண்டு நடந்த வாய்மொழித் தேர்வுக்குத் தலைமை ஜபீன்தான். வெளித் தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் ஆரோக்கியமேரி தடுமாறாமல் பதில் சொன்னாள். கடைசியில் ஜபீன் ஒரு கேள்வி கேட்டாள். நிஜமாகவே கடினமான கேள்வி. அந்தப் பெண் ஒரு நொடி ரம்யாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜபீனை நேராகப் பார்த்துச் சொன்ன பதிலில் குறை சொல்ல ஏதுமில்லை.

"நல்ல பதில்" என்றாள் ஜபீன். மனதாரத்தான் சொன்னாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். ஆரோக்கியமேரி மைசூர்பாகு டப்பாவைத் திறந்துகொண்டு வந்தாள். முதல் துண்டு யாருக்குப் போகிறது என்று பார்க்கக் கூடாது என்றுதான் ஜபீன் குனிந்து மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கினாள்.

ஆனாலும் பார்த்தாள்.