ஆறாவது குறை

“மூணு எழுதிட்டியா?” என்று கேட்டுவிட்டுக் கிபாயத்துல்லா கண்ணை மூடிக்கொண்டார்.

“எழுதிட்டேன் அத்தா.”

“படி, பாப்போம்.”

மகள் மெகருன்னிசா நோட்டை ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்தாள். “மூணு. பெட்ரோல் டேங்க் இந்த வண்டியோடது இல்ல. வேற வண்டியிலேருந்து எடுத்துப் போட்டது.”

“அரை இஞ்சு கம்மி. அதனால அடியில ரப்பர் வச்சிருக்கு. அதயும் சேத்து எழுது.”

எழுதினாள். அடுத்ததைச் சொல்ல அவருக்கு மூச்சு சேர வேண்டும். அதுவரை பேனாவை மூடாமல் காத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு கிட்னியும் போய்விட்டன, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று வெள்ளி. கால்கள் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. முகம் யாருடையதோ போல உப்பிக் கிடந்தது. குரல் மட்டும் அவருடையதாகவே இருந்தது.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் வீட்டை ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. முப்பது வருஷமாக மோட்டார் சைக்கிள் ரிப்பேர். ஆனால் அவரைத் தேடி வந்தவர்களில் பாதிப் பேர் ரிப்பேருக்கு வந்தவர்கள் இல்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள். விழுப்புரத்திலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும்கூட வண்டியோடு வருவார்கள். அவர் ஒரு மிதி மிதித்துக் காது கொடுத்துக் கேட்பார். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கி, ஒரு தொகை சொல்வார். விற்கிறவனும் வாங்குகிறவனும் அதற்கு மேல் பேச மாட்டார்கள்.

இப்போது விலைக்கு நின்றது அவருடைய சொந்த வண்டி. முப்பத்தாறாம் வருஷத்து பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள். யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி விட்டுப் போனது. முதுநகரில் ஒரு குடோன் மூலையில் உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கிடந்ததை, அறுபதாம் வருஷம் இரும்பு விலைக்கு எடுத்து வந்தார். நாலு வருஷம் அதைக் கழற்றினார், பூட்டினார். மனைவி ரஹ்மத் பீவி அதைப் பார்க்கும்போதெல்லாம் திட்டுவாள். போன பெருநாளன்று அது முதல் மிதியிலேயே கிளம்பியபோது, அவளும் வாசல் வரை வந்து நின்றாள்.

போன மாதம் லூர்துசாமி என்பவர் சிதம்பரத்திலிருந்து வந்து பார்த்தார். அண்ணாமலை நகர் இன்ஜினியரிங் காலேஜ் ஒர்க் ஷாப்பில் வேலை. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஆயிரத்து நானூறு என்று கிபாயத்துல்லா சொன்னதும் தலையாட்டினார். வீட்டுக்காரி புவனகிரி ஸ்கூலில் டீச்சர், தினமும் பஸ்ஸுக்கு நின்று சீரழிகிறாள், பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார்.

“இருங்க. நாளைக்கே தூக்கிட்டுப் போவ வேணாம்” என்றார் கிபாயத்துல்லா. “இதுல உள்ள கொறையெல்லாம் எழுதித் தரேன். அதப் படிச்சிப் பாத்துட்டு வாங்கிக்குங்க.”

பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். அதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

நாலாவதாக ஸ்பீடாமீட்டர் முள் ஐந்து மைல் கூட்டிக் காட்டும் என்று எழுதினாள். ஐந்தாவது, சீட்டின் இடது பக்க ஸ்பிரிங். அது லாரி சீட்டில் இருந்தது.

“அவ்ளோதானா அத்தா?”

தூங்கிவிட்டாரென்று நினைத்து மெகருன்னிசா பேனாவை மூடினாள். மாமா ஜமாலுதீன் வாசற்படியில் வந்து நின்றார். ரஹ்மத் பீவியின் தம்பி. முதுநகர் ஜவுளிக் கடையில் கணக்குப் பார்ப்பவர். மச்சானை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து இந்தப் பதினோரு நாளும் கடைக்கு அரை நாள்தான் போனார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார் கிபாயத்துல்லா, கண்ணைத் திறக்காமல். “ஆறு. ஹேண்டில் கழுத்துக்குக் கீழ, முன்பக்கக் கொழாயில விரிசல் இருந்திச்சு. உள்ள இன்னொரு கொழா சொருவி, பித்தளை வச்சுப் பத்த வச்சிருக்கேன். புதுக் கொழா மெட்ராஸ்லயும் கெடைக்கல. ஒத்த ஆளு, நாப்பது மைலுக்குள்ள ஓட்டலாம். பின்னால ஆள ஏத்தக்கூடாது.”

மெகருன்னிசா ‘ஆறு’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். ஜமாலுதீன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று கையால் காட்டினார். அவர் முகத்தில் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. அவருக்கு ஐந்து பிள்ளைகள். அக்காவையும் மெகருன்னிசாவையும் இனி அவர்தான் பார்க்க வேண்டும். அவள் புருஷன் பினாங்கிலிருந்து கடிதம் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது.

அவள் பேனாவைக் காகிதத்துக்குச் சற்று மேலே பிடித்து, எழுதுவதுபோல இடமிருந்து வலமாக நகர்த்தினாள்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“படி.”

வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள். கழுத்து, குழாய், பித்தளை, நாற்பது மைல், பின்னால் ஆளை ஏற்றக்கூடாது. அவர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் தலையை லேசாக அசைத்தார்.

“அந்த மனுசன் பொண்டாட்டிய ஏத்திட்டுப் போவணும்னு ஆசையா சொன்னாரு” என்றார். “அதான் சொல்லலாமா வேணாமான்னு பாத்தேன். சரி. தண்ணி குடு.”

இரண்டு ஸ்பூன் குடித்தார். மூன்றாவது வழிந்துவிட்டது. மெகருன்னிசா எழுந்து நோட்டை அலமாரியில் வைக்கும்போது, ‘ஆறு’ என்ற எழுத்து ஐந்தாவது குறைக்குக் கீழே தனியாக நின்றது. அந்தத் தாளைக் கிழித்து, ஐந்து குறைகளையும் வேறு தாளில் பார்த்து எழுதினாள். பழைய தாளை அடுப்பில் போட்டாள். பதினோரு நாளாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. எழுத்து மட்டும் நன்றாகத்தான் வந்தது.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த சற்று நேரத்தில் அவர் போய்விட்டார். அவர் காலை அமுக்கிக்கொண்டிருந்த ரஹ்மத் பீவி, உயிர் போனதே தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். சந்துக்குள் உடலை வைத்த சந்தூக்கைத் திருப்ப முடியாமல் இரண்டு பேர் பட்டறைக் கொட்டகைக்குள் ஏறி நின்று வழி விட்டார்கள். ஆண்கள் எல்லோரும் கபர்ஸ்தானுக்குப் போன பிறகு வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. வந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மெகருன்னிசா எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். சோறு போட்டார்கள், தின்றாள். படு என்றார்கள், படுத்தாள். தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் நாள். உள்ளே பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் போட்டிருந்த பெஞ்சில் ஜமாலுதீனும், லாரி வைத்திருக்கும் சடையப்பனும் உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணி வாக்கில் லூர்துசாமி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. பெஞ்சையும் ஆட்களையும் பார்த்ததும் சந்து முனையிலேயே நின்றுவிட்டார்.

“எப்பங்க?” என்று கேட்டார்.

“வெள்ளிக்கெழம. அசருக்கு” என்றார் ஜமாலுதீன்.

லூர்துசாமி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, “நான் இன்னொரு நாள் வரேன். இப்ப வேணாம்” என்று எழுந்தார்.

“ஒக்காருங்க. மச்சான் ஒங்களுக்காவத்தான் எழுதி வச்சுட்டுப் போனாரு. சொன்னபடி செஞ்சிட்டாரு. நீங்களும் வந்துட்டீங்க” என்ற ஜமாலுதீன் உள்பக்கம் திரும்பி, “மெகரு, அந்தத் தாள எடுத்துட்டு வா” என்றார்.

அம்மா, புருஷன் இறந்தால் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தாள். வெளி ஆண்கள் முன்னால் வர முடியாது. மெகருன்னிசா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பட்டறையின் பக்கவாசல் வழியாக வந்து தாளை நீட்டினாள்.

லூர்துசாமி நின்றபடியே அதைப் படித்தார். பிறகு வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். காலை நேரத்தில் மூன்று மிதியாவது கேட்கும் என்று எழுதியிருந்தது. மூன்றாவது மிதியில் கிளம்பியது. சடையப்பன் தன்னையறியாமல் சிரித்துவிட்டார்.

“ரெண்டாவது கியர் எறக்கத்துல நழுவும்.” லூர்துசாமி மைதானம் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். “நழுவுது.” டேங்குக்கு அடியில் விரலை விட்டு ரப்பரைத் தொட்டுப் பார்த்தார். “சொன்னது சொன்னபடி இருக்கு. இந்த மாதிரி ஒருத்தர் வண்டி வித்து நான் பாத்ததில்ல.”

“எங்கிட்டயும் அப்படித்தாங்க” என்றார் சடையப்பன். “எங்க அண்ணன் வண்டிக்கு வெல பேச அவரக் கூட்டிட்டு வந்தேன். எங்க அண்ணன் மூஞ்சிக்கு நேரா எறநூறு கொறச்சிச் சொன்னாரு பாய்.”

மெகருன்னிசா உள்ளே போகவில்லை. போயிருக்கலாம். தாளைக் கொடுத்தாகிவிட்டது.

லூர்துசாமி பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்தார். வண்டியின் பின்பக்கச் சட்டத்தில் லேசாகத் தட்டினார். கணீரென்று கேட்டது. சீட்டுக்குக் கீழே தட்டினார். அதே சத்தம். பையன்களுக்குப் பாடம் நடத்துகிறவரின் பழக்கம்போல, அவசரமே இல்லாமல் தட்டிக்கொண்டே முன்னால் வந்தார். கழுத்துக்குக் கீழே தட்டியபோது டொக் என்றது.

மறுபடி தட்டினார். ஒரு அங்குலம் கீழே தட்டினார். திரும்ப மேலே. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். பெயின்ட்டின்மேல் நகத்தை வைத்தார். சுரண்டவில்லை. அப்படியே எழுந்துவிட்டார்.

“உள்ள ஒட்டு இருக்கு” என்றார். “தாள்ல இது இல்லியே.”

ஜமாலுதீன் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

லூர்துசாமியின் குரல் தணிந்தது. “பாய்க்குத் தெரியாம போயிருக்கும். வண்டி வரும்போதே எவனாவது பண்ணி மூடியிருப்பான். ஒடம்பு முடியாதவரு, கண்ணெல்லாம் வீங்கிக் கெடந்திருக்கும். என்ன பண்ணுவாரு பாவம்.”

“ஆமாங்க” என்றார் ஜமாலுதீன் உடனே. “ஆறு மாசமாவே மச்சானுக்குக் கண்ணு சரியில்ல.”

“பாய்க்கா?” என்றார் சடையப்பன். நம்ப முடியாமல் வண்டியையும் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும், “வயசு ஆச்சுல்ல” என்று முணுமுணுத்தார்.

உள்ளே ஓதுகிற சத்தம் ஏறி இறங்கியது. மூன்று பேரும் இரக்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். அத்தாமேல் யாரும் இப்படி இரக்கப்பட்டு நின்று அவள் பார்த்ததில்லை.

“அத்தாவுக்குத் தெரியும்” என்றாள் மெகருன்னிசா.

லூர்துசாமி திரும்பினார்.

“அத்தாதான் அதப் பத்த வச்சாங்க. என்னண்ட சொன்னாங்க. ஆறாவதா எழுதச் சொன்னாங்க. நாந்தான் எழுதல.”

அவள் முக்காட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, அவர் சொன்னதைச் சொன்னாள். “ஹேண்டில் கழுத்துக்குக் கீழ முன்பக்கக் கொழாயில விரிசல் இருந்திச்சு. உள்ள இன்னொரு கொழா சொருவி, பித்தளை வச்சுப் பத்த வச்சிருக்கேன். புதுக் கொழா மெட்ராஸ்லயும் கெடைக்கல. ஒத்த ஆளு, நாப்பது மைலுக்குள்ள ஓட்டலாம். பின்னால ஆள ஏத்தக்கூடாது.” சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். “எழுதிட்டியான்னு கேட்டாங்க. எழுதிட்டேன்னு சொன்னேன். படின்னாங்க. வெறுந்தாளப் பாத்துப் படிச்சேன்.”

ஜமாலுதீன் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். அவர் கை காட்டியதை மெகருன்னிசா சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. பேனா அவள் கையில்தான் இருந்தது.

லூர்துசாமி தாளை மடித்தார், பிரித்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

“எனக்கு ஒதவாதும்மா” என்றார். “அவ ஏறணும்.”

“தெரியுங்க.”

“கழுத்து நல்லா இருந்தா ஆயிரத்து நானூறு தாராளமாப் பெறும். இப்ப எட்நூறு. அதுக்கு மேல குடுக்கறேன்னு வந்தா அவனுக்கு வண்டி தெரியாதுன்னு அர்த்தம். கீழ கேட்டா குடுத்துடாதீங்க. எஞ்சின் அப்படி இருக்கு.” தாளை அவளிடம் நீட்டினார். “வரவங்ககிட்ட இதக் காட்டுங்க. ஆறாவதயும் சேத்து.”

“டீ சாப்புட்டுப் போங்க” என்றார் ஜமாலுதீன், யார் முகத்தையும் பார்க்காமல்.

டீ வந்தது. லூர்துசாமி நின்றபடியே குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டியவர், சந்தில் நாலடி போனதும் திரும்பி வந்தார். வண்டியின் கழுத்துக்குக் கீழே கையை வைத்து, கட்டைவிரலால் மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவினார்.

“கைக்கு ஒண்ணுமே தெரியல” என்றார் சடையப்பனிடம். “சத்தத்துலதான் மாட்டுச்சு.”

பிறகு போய்விட்டார். சிதம்பரம் பஸ் பதினொன்றரைக்கு இருந்தது.

சடையப்பனும் கிளம்பிய பிறகு, ஜமாலுதீன் எழுந்து வந்து ஹேண்டிலைப் பிடித்தார். மெகருன்னிசா பின்னாலிருந்து தள்ளினாள். வண்டி கனமாக இருந்தது. கொட்டகைக்குள் அதை நிறுத்திச் சாக்கைப் போட்டு மூடினார்கள். ஜமாலுதீன் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “கடைக்குப் போயிட்டு சாயங்காலம் வரேன்” என்று மட்டும் சொன்னார்.

அவள் சீட்டின்மேல் தாளை வைத்து ஆறாவதை எழுதினாள். இடம் பற்றாமல் கடைசி வார்த்தைகள் ஓரத்தில் மேலே ஏறின.

உள்ளே ஓதி முடித்து, பெண்கள் சமையல் பக்கம் போயிருந்தார்கள். ரஹ்மத் பீவி உள் அறையில் வெள்ளைப் புடவையில், சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். அந்த அறைக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு தட்டிதான்.

“எட்நூறுன்னா சொன்னாரு?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா.”

“ம்.”

மெகருன்னிசா கதவருகிலேயே நின்றாள். ரஹ்மத் பீவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். சுவரோடு ஒட்டி நகர்ந்து, பாயில் பாதியைக் காலியாக்கினாள்.

மெகருன்னிசா முக்காட்டை எடுக்காமல் அப்படியே படுத்தாள். படுத்த சற்றைக்கெல்லாம் வாய் லேசாகத் திறந்துகொண்டது. பின்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரஹ்மத் பீவி முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, மகள் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள்.