மாட்சோ அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி

சியாயிக் கடலோரத்து அந்தச் சின்ன ஊரில் ஆராய்ச்சி மாணவி யாவென் பேட்டி எடுக்காத ஆள் கிடையாது. சிப்பி உரிக்கும் கொட்டகை, மீன் ஏலக்கூடம், முடிதிருத்தும் கடை எதையும் விடவில்லை. பூனைகள் மட்டும்தான் தப்பின, அதுவும் அவற்றுக்கு ஓட்டுரிமை இல்லாததால்.

அவளுடைய கேள்வித்தாளில் முதல் கேள்வி, "உங்களுக்கு மத நம்பிக்கை உண்டா?" என்பது. இல்லை என்று சொன்னால் நடுவிலிருக்கும் கேள்விகளையெல்லாம் தாண்டி நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், வயதையும் படிப்பையும் குறித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட வேண்டும். தைபேயில் பெரிய பெரிய மூளைகளெல்லாம் கூடி அப்படித்தான் வகுத்திருந்தன.

ஊரே இல்லை என்றது. சிப்பி உரிக்கும் பீ-யுன் அத்தை அன்று காலை அடுப்புத் தெய்வத்துக்கு ஊதுவத்தி ஏற்றி, வாசலில் அலையும் ஆவிகளுக்குப் பிஸ்கட் வைத்து, ஸ்கூட்டரில் தொங்கிய தாயத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கையோடு சொன்னாள்: "மதமா? அது சர்ச்சுக்குப் போறவங்களுக்கும்மா. நாங்க சும்மா கும்பிடறதோட சரி."

அவளுடைய பேராசிரியர் காவ் போனில் எரிந்து விழுந்தார். ஓர் ஊர் முழுக்க மதமே இல்லையென்றால் மதத்தை ஆராய வந்தவளுக்கு அங்கே என்ன வேலை, வெள்ளிக்கிழமைக்குள் மூட்டையைக் கட்டு என்றார். மூட்டையைக் கட்டினால் ஆராய்ச்சி போச்சு. ஆராய்ச்சி போனால் தாய்சுங்கில் அப்பாவின் டயர் கடைதான். அந்த ரப்பர் வாசனையை நினைத்தபோதே யாவெனுக்குத் தலை சுற்றியது.

கடைசி முயற்சியாகக் கோயிலுக்குப் போனாள். கடலைக் காக்கும் மாட்சோ அம்மாவின் கோயில் அது. கூரையில் படுக்க இடமில்லாமல் டிராகன்கள் ஒன்றின்மேல் ஒன்று கால்போட்டுக் கிடக்கும். ஊதுவத்திப் புகைக்கு மேலே பறக்கிற விமானமே தும்மிவிட்டுப் போகும். கோயில் கமிட்டித் தலைவர் ஹோக் பெரியப்பா வாசலில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் மதம் கிடையாதாம். ஆனால் அவளுடைய முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்து அவர் மனசு இளகியது.

"எங்களையே சுத்திச் சுத்திக் கேட்டா எப்படிம்மா? வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்று மோவாயால் சந்நிதியைக் காட்டினார்.

அம்மா வாய்திறந்து பேசமாட்டாள். பிறைபோல் செதுக்கிய இரண்டு சிவப்புக் கட்டைகளைத் தரையில் போட வேண்டும். ஒரு கட்டை தட்டைப் பக்கமும் மற்றது குமிழ்ப் பக்கமும் காட்டினால் ஆமாம். இரண்டும் குமிழ் காட்டினால் இல்லை. இரண்டும் தட்டை காட்டினால் அம்மா சிரிக்கிறாள் என்று அர்த்தம்.

ஆராய வந்தவர்கள் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்று யாவெனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டயர் கடைக்குத் தள்ளி நின்றால் போதும் என்று அவள் மண்டியிட்டாள். பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் கேட்கலாம் என்றார் ஹோக். ஊராரைக் கேட்டதெல்லாம் இப்போது அவளிடமே கேட்கப்பட்டது. அதற்குள் ஏலக்கூடம் காலியாகி ஊர் முழுக்கக் கோயிலுக்குள் வந்து நின்றது.

அம்மாவுக்கு மத நம்பிக்கை உண்டா என்று கேட்டுக் கட்டைகளைப் போட்டாள். சிரிப்பு. மறுபடி போட்டாள். மறுபடியும் சிரிப்பு.

"என்கிட்ட கேட்டப்பவே எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. வெளியூர்ப் பொண்ணாச்சேன்னு அடக்கிக்கிட்டேன்," என்றாள் பீ-யுன் அத்தை.

அடுத்த முறை இரண்டு கட்டையும் குமிழ் காட்டின. இல்லை என்கிறாள் அம்மா. கூட்டம் மூச்சை உள்ளே இழுத்ததில் மெழுகுவத்திகள் சாய்ந்து நிமிர்ந்தன. இவ்வளவு பெரிய சங்கதியை ஒரே வீச்சில் எடுத்துக்கொள்ளக் கூடாது, திருப்பிக் கேள், தொடர்ந்து மூன்று முறை ஆமாம் விழுந்தால்தான் உறுதி என்றார் ஹோக். அம்மாவுக்கு மதம் இல்லை, அப்படித்தானே என்று அவள் கேட்க, ஆமாம், ஆமாம், ஆமாம் என்று மூன்று முறையும் ஒன்றுபோல் விழுந்தது.

பீ-யுன் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. தானும் அம்மாவும் ஒரே பதில் சொன்னதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். ஊரார் சந்நிதியிலேயே விவாதத்தில் இறங்கினார்கள். நாம் கும்பிடுகிறவள் யாரைக் கும்பிடுவாள் என்றார் ஒருவர். வருஷாவருஷம் பல்லக்கேறித் தாய்க்கோயிலுக்குக் கும்பிடப் போகிறாளே, அது என்ன என்று மடக்கினார் இன்னொருவர். பேச்சு பல்லக்கு தூக்கும் முறைக்குத் தாவியது. பல்லக்கின் முன்கம்பில் தோள் கொடுக்கிற இரண்டு அண்ணன் தம்பிகள் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பேசிக்கொள்வார்களாம். படகுச் சண்டையை எந்தக் கோர்ட்டும் தீர்க்காதபோது கட்டைகள் தீர்த்த கதையை ஒரு கிழவர் எடுத்துவிட்டார். நடுவில் தாண்டித் தாண்டிப் போன கேள்விகளுக்கெல்லாம் யாரும் கேட்காமலே பதில் கொட்டியது. யாவெனின் பேனா சூடேறிப் புகையாதது அதிசயம்.

அங்கிருந்தே பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், மாட்சோ அம்மாவுக்கும் மதம் இல்லையாம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. அவர் அறிவியல் மனிதர், கறாரானவர். இந்த முறை மூட்டை தன் தலையிலேயே விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"திருப்பிக் கேட்டியா?" என்றார்.

"கேட்டேன் சார்."

"விட்டு விட்டு விழுந்துச்சா, தொடர்ந்து மூணு தடவையா?"

"தொடர்ந்து சார்."

"அப்பச் சரிதான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த முதல் கேள்வியைத் தூக்கிக் கடாசு. அங்கேயே இருந்து பாரும்மா."

யாவென் அதை அப்போதே அடித்துவிட்டு, இன்று காலையில் யாரையெல்லாம் கும்பிட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு ஹோக் பெரியப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார். சாயங்காலம் கடலில் வெளிச்சம் மங்கும்போது, அவர் சொல்லிவந்த காலைக் கதை படுக்கையிலிருந்து எழுந்து சமையலறை வரைதான் வந்து சேர்ந்திருந்தது.