வக்கீல் பெலேவாவுக்கு முதலாண்டு நோட்டீஸ்

வக்கீல் ஸ்தோயாங்கா பெலேவா உயிரோடிருந்தவரை, அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே மேயர் தோபாலோவ் நகராட்சியின் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார். அந்த அம்மாள் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. இப்போது யாவோரெட்ஸ் ஊரில் மேயரைப் போல அவருக்கு நெருங்கிய நண்பர் வேறு யாருமில்லை.

"நம்ம ஊரோட மனசாட்சி அவங்க, ஸ்லாவ்கா," என்றார் மேயர். "திங்கட்கிழமை வருஷ நினைவு. அன்னைக்கே புதுப் பாலர் பள்ளியை அவங்க பேர்ல திறந்துடறோம். பேச்சை நீ எழுது. சுரங்கத்துல செத்தவங்க பொண்டாட்டிங்களுக்கு பென்ஷன் வாங்கிக் குடுத்தது, பெண்கள் சங்கம், ஏழைபாழைக்குச் சும்மா வாதாடினது, எல்லாம் வரணும். அந்தக் கடைசி கேஸ் மட்டும் வேணாம். தோத்ததைச் சொல்லி அவங்க ஆத்மாவை நோகடிப்பானேன்?"

ஸ்லாவ்கா பத்தொன்பது வருடம் பெலேவாவிடம் குமாஸ்தாவாக இருந்தவள். இப்போது நகராட்சியில் கோப்பு அடுக்குகிறாள். அந்த வழக்கு தோற்கவில்லை, நடத்தியவர் நடுவில் செத்துப்போனார் என்று சொல்ல வாயெடுத்தாள். மேயர் அதற்குள் அஞ்சலி நோட்டீஸின் மாதிரியை எடுத்துக்கொண்டார். தன் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் வருகிறது என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வழக்கு, ஊருக்கு மேலே தாமிரச் சுரங்கக் கழிவுச் சேற்றைத் தாங்கி நிற்கும் அணையைப் பற்றியது. புதுப் பள்ளி சரியாக அதன் அடிவாரத்தில் எழும்பியிருந்தது. மேயரின் மைத்துனருக்கு நிலம் அங்கேதான் இருந்தது. வேறு எங்கே கட்டுவார்கள்?

அணையின் அடியில் ஒரு குழாய் எப்போதும் கசியும். ஞாயிறுதோறும் பெலேவா அதில் ஒரு ஜாடி தண்ணீர் பிடித்துவந்து தேதி ஒட்டி ஜன்னலில் வைப்பார். "தெளிவா வர்ற வரைக்கும் நமக்குத் தூக்கம் உண்டு, ஸ்லாவ்கா. கலங்கிச்சுன்னா அணை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம்," என்பார். அவர் போன பிறகு ஸ்லாவ்கா அதை விடவில்லை. ஐம்பத்தோரு ஜாடிகள், ஐம்பத்தொன்றும் தெளிவு.

இந்த ஞாயிறு பிடித்த ஜாடி சாம்பல் நிறமாக இருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு நேரே மேயர் வீட்டுக்கு ஓடினாள். அவர் கண்ணாடி முன் நின்று கண் கலங்கப் பழகிக்கொண்டிருந்தார்.

"ஐயா, தண்ணி கலங்கிடுச்சு. நாளைக்கு நாப்பது குழந்தைங்க அங்க வரும்."

"மழைத் தண்ணி."

"மழை பேஞ்சு மூணு வாரமாச்சுங்க."

"அப்ப பழைய மழை. பேண்டு வாத்தியம் சொல்லியாச்சு, மாவட்டத்துலேர்ந்து ஆள் வர்றாங்க. போம்மா, நினைவுப் படையலுக்குக் கோதுமையை வேகவை."

சுரங்க அலுவலகம் பூட்டிக் கிடந்தது. போலீசில் மனுவாக எழுதித் தரச் சொன்னார்கள், அதுவும் திங்கட்கிழமை.

அச்சகக்காரன் கான்ச்சோவிடம் போனாள். நோட்டீஸ் இன்னும் அச்சில் ஓடவில்லை. பெலேவாவின் படத்துக்குக் கீழே இருந்த கவிதையை எடுத்துவிட்டு நாலு வரி எழுதிக் கொடுத்தாள்.

கான்ச்சோ படித்தான். "என்னக்கா இது, செத்தவங்களே பேசற மாதிரி இருக்கு?"

"உசிரோட பேசினப்ப நீ கேட்டியா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு இயந்திரத்தை ஓடவிட்டான்.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக் கதவு, பேருந்து நிறுத்தம், ரொட்டிக்கடை, பள்ளிக்கூட வாசல் என்று ஸ்லாவ்கா ஒட்டாத இடம் பாக்கியில்லை. எங்கும் பெலேவா கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து பார்த்தார்: 'அணைத் தண்ணீர் கலங்கிவிட்டது. பிள்ளைகளைக் கீழே அனுப்பாதீர்கள். இதை நான் மூன்று முறை நீதிமன்றத்தில் சொன்னேன். இது நான்காம் முறை.'

காலையில் பள்ளி வாசலில் அதைக் கண்ட மேயரின் முகம் கறுத்தது. "கிழிடா!" என்றார் காவலாளியிடம்.

காவலாளி சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். "செத்தவங்க நோட்டீஸை நான் தொடமாட்டேங்க. வேலையை விட்டு வேணா தூக்கிக்குங்க."

இந்த ஊரில் அஞ்சலி நோட்டீஸை வெயிலும் மழையும்தான் கிழிக்கும். மனிதன் கை வைத்தால் அடுத்த நோட்டீஸ் அவன் வீட்டில்தான் என்பார்கள். மேயர் தானே கையை உயர்த்தினார். மாவட்டத்து ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். உயர்த்திய கை, தலைமுடியை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கியது.

ஊர் மொத்தமும் வந்திருந்தது, ஆனால் மேட்டுச் சாலையில் நின்றது. பிள்ளைகளின் கைகளைத் தாய்மார்கள் இறுகப் பிடித்திருந்தார்கள்.

"இறங்கி வாங்கம்மா, நாற்காலி போட்டிருக்கு!" என்று மேயர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்.

"நீங்க பேசுங்கய்யா, இங்கயே நல்லாக் கேக்குது!" என்றாள் ஒருத்தி.

காலி நாற்காலிகளைப் பார்த்து மேயர் ஏழு பக்கப் பேச்சைத் தொடங்கினார். "அன்னாரின் குரலுக்கு இவ்வூர் என்றும் செவிசாய்த்தது..." முதல் பக்கம் முடிந்ததும் மாவட்டத்து ஆள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மேட்டுக்கு ஏறினார். மூன்றாம் பக்கத்தில் பேண்டுக்காரர்கள் தங்கள் பெரிய மத்தளத்தைச் சுமந்துகொண்டு ஏறினார்கள். ஸ்லாவ்கா அவித்த கோதுமைக் கிண்ணத்துடன் கூட்டத்தில் நின்றபடி அணையின் சரிவையே பார்த்தாள். நேற்றுவரை வெளுத்திருந்த சரிவில் வியர்த்ததுபோல ஒரு கறுப்புத் திட்டு. அது நாலாம் பக்கத்தில் இருந்ததைவிட ஐந்தாம் பக்கத்தில் அகலமாக இருந்தது.

"ஐயா, மேல வந்துடுங்க!" என்று கத்தினாள்.

பேச்சுக்கு நடுவே குறுக்கிடுவது மேயருக்குப் பிடிக்காது. ஆறாம் பக்கத்தைப் புரட்டினார். திறப்பு விழா ரிப்பனுக்கு அடியில் சாம்பல் நிறத் தண்ணீர், பளபளத்த அவர் காலணிகளைச் சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.